நீ எடுத்தவை, நான் எடுத்தது

ஏளா,

போன புதன்கிழமை நம் பழைய லேப் அறையைக் காலி செய்தார்கள். பழைய இரும்புக்காரர் ஒருவர் இரண்டு ஆட்களோடு மினி லாரியில் வந்து, நம் பன்னிரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். "மேடம், உள்ள செம்பு கெடக்குமா?" என்று என்னிடமே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "என் தல கெடக்கும், எடுத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன். பாவம், மனுசன் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தார். இரும்பு அலமாரியின் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. வெந்த தூசியும் உப்புக்காற்றில் துருப்பிடித்த தகரமும் கலந்த வாசனை. கதவின் உட்பக்கம் உன் கையெழுத்தில் அந்தத் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. மேலே "எடுத்தவை" என்று தலைப்பு. கீழே நாற்பது வரிக்குக் குறையாது. கடைசி வரி: "லாக், எடுத்தாச்சு."

தாளை முழுசாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. பாதி கதவோடு லாரிக்குப் போய்விட்டது. மீதி என் கைப்பையில் இருக்கிறது.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ என்ன கேட்பாய் என்று தெரியும். "உயிரோட இருக்கையில வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்பாய். ஆமாம் ஏளா, கொழுக்கட்டைதான் வைத்திருந்தேன்.

நான் சாத்தான்குளத்துத் தலைமையாசிரியர் மகள். ஓய்வுநாள் பாடசாலை, ஆர்மோனியம், அடிக்கோடு போட்ட வேதாகமம் என்று வளர்ந்தவள். நீ தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. உன் அப்பாவும் மாமன்மாரும் சங்கு குளித்தவர்கள். ஒரே வருடத்தில் ஒரே கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தோம். "ஒங்க ஊருல தேரிக்காட்டுச் செம்மணலக் காட்டித்தான கடலுன்னு சொல்லித் தந்திருப்பாவ?" என்று முதல் வாரமே என்னைக் கேலி பண்ணினாய். எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் உன் டிபன் பாக்ஸில் இருந்த சீலாமீன் வறுவல் சமாதானம் பண்ணியது.

அந்தப் பன்னிரண்டு பெட்டிகளில் செய்த வேலையை நமக்குத் தந்தது உன் தெருக்காரர் சந்தியாகு அண்ணன். சங்கு குளிப்பவர். வள்ளத்தில் கம்ப்ரசரை ஓடவிட்டு, அதிலிருந்து காற்று வரும் ஓஸ் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலுக்கடியில் நடந்து சங்கு பொறுக்குகிறவர். ஒருநாள் உன் வீட்டு வாசலில் நின்று கேட்டார்: "காத்து எப்பிடின்னு ரேடியோவுல சொல்லுதான். அடியில நீவாடு எப்பிடின்னு எவனும் சொல்ல மாட்டேங்கான். நீ கம்ப்யூட்டர் படிச்சவதான தங்கச்சி, சொல்லேன்." நீவாடு என்றால் நீரோட்டம் என்று எனக்கு நீதான் சொல்லவேண்டியிருந்தது. மேலே கடல் குளம் மாதிரி கிடக்கும்போதே அடியில் ஆளை இழுத்துக்கொண்டு போகும் என்றாய்.

கல்லூரி அலுவலகத்தில் கழித்துப் போட்ட பன்னிரண்டு கம்ப்யூட்டர்களை வாங்கி வந்தோம். மன்னார் வளைகுடாவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் கடலில் ஒரு பட்டையைக் கொடுத்து, எல்லாம் சேர்ந்து மறுநாள் நீரோட்டத்தைக் கணக்குப் போடும்படி செய்தோம். துறைமுகத்துக்கு வெளியே மிதக்கும் கருவி அனுப்பும் அளவுகள்தான் அதற்குத் தீனி. முடிவு வந்ததும் நீ உன் குரலில் பேசி, குளிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாய். "அண்ணன்மாரே, இன்னைக்குச் சங்குப் பாறைப் பக்கம் அடிநீவாடு கம்மி, மத்தியானத்துக்கு மேல கூடும், வெள்ளனே ஏறிருங்க." உன் குரலைக் கேட்காமல் வள்ளம் தள்ளமாட்டோம் என்று சொல்லும் அளவுக்கு ஆனது.

ஆனால் முதலில் அந்தக் கணக்கு முடிய காலை ஏழரை ஆகும். வள்ளங்கள் ஆறு மணிக்கே போய்விடும். போன ரயிலுக்கு டைம் டேபிள் பார்த்த கதைதான்.

நாம் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பெட்டிகளில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம் உன் பொறுப்பு. கணக்கு புரோகிராமும், அதை மெஷினுக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றித் தரும் கம்பைலரும் என் பொறுப்பு. ஒருத்தர் பக்கத்தில் மற்றவர் கை வைப்பதில்லை என்பது நீ போட்ட சட்டம். "ஒரு வலைய ரெண்டு பேரு பின்னுனா கண்ணு ஒண்ணுபோல வராது" என்றாய்.

உன் வைத்தியம் கழிப்பது. சாதாரண லினக்ஸில் நமக்குத் தேவையில்லாத நூறு சின்ன வேலைகள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று மணி பார்க்கும், ஒன்று பிரிண்டரைத் தேடும், ஒன்று அப்டேட் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். ஒரு பெட்டி அப்படி ஒரு நொடி கவனம் சிதறினால், பக்கத்துப் பட்டையின் எண்ணுக்காகக் காத்திருக்கும் மற்ற பதினொன்றும் நின்றுவிடும். "இது கரைவலை இழுக்க மாதிரி ஏளா. ஒருத்தன் பீடி பத்தவைக்க நின்னாம்னா மத்தவன் எல்லாம் கயித்தப் புடிச்சிட்டு நிக்க வேண்டியதான்." ஒவ்வொன்றாக எடுத்தாய். எடுத்த ஒவ்வொன்றையும் அந்தத் தாளில் எழுதினாய். "எடுக்கலாம். ஆனா என்னத்த எடுத்தோம்னு நாலு பேரு பாக்கும்படி எழுதணும்" என்றாய். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. பலசரக்குக் கடைச் சிட்டை மாதிரி இருக்கிறது என்று கேலிகூடச் செய்தேன்.

கடைசியில் மிஞ்சியது லாக். மெஷினில் என்ன நடந்தது என்று நிமிடத்துக்கு நிமிடம் டிஸ்க்கில் எழுதிவைக்கும் வேலை. அது எழுதும்போதெல்லாம் பெட்டிகள் மூச்சு வாங்கின. நீ தயங்கினாய். "இத எடுத்துட்டா, நாளைக்கு ஒண்ணுன்னா சாட்சி இருக்காது." நான்தான், "என்ன ஆயிரப்போவுது? எடு ஏளா, பெரிய கலெக்டர் ஆபீஸ் பைலு பாரு" என்றேன். எடுத்தாய். கணக்கு ஆறரைக்கு முடிந்தது. இன்னும் அரை மணி நேரம் பாக்கி.

அந்த அரை மணியை நான் கம்பைலரிடம் கறந்தேன். ஃபாஸ்ட் மேத் என்று ஒரு கட்டளை உண்டு. கணக்கின் கறாரான விதிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள், வேகம்தான் முக்கியம் என்று கம்பைலருக்குச் சொல்வது. ஒருமுறை அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நீ வேண்டாம் என்றாய். கூட்டும் வரிசையை அது இஷ்டத்துக்கு மாற்றும், கடைசி எண் ஆடும் என்றாய். கடலில் பத்தாவது தசமத்தை எவன் அளந்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உன்னிடம் கேட்காமல் போட்டேன். ஐந்து நாற்பதுக்குக் கணக்கு முடிந்தது. கடை திறந்ததும் கால் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். "என்னளா பண்ணுன?" என்று கேட்டாய். "கம்பைலர கொஞ்சம் தட்டிக்குடுத்தேன்" என்றேன். நீ சிரித்தாய், மக்ரூனைத் தின்றாய், மேலே கேட்கவில்லை. உன் சட்டப்படி அது என் பக்கம்.

நான் எடுத்ததை எந்தத் தாளிலும் எழுதவில்லை.

நாலு மாதம் நன்றாகத்தான் போனது. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எனக்குப் போன் பண்ணினாய். நான் முதல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "ஏளா, அடியில நீவாடு சுத்தமா இல்லேங்குது. முட்டையாட்டம் சைபர் போட்டிருக்கு. சரியாத்தான் இருக்குமா?" பஸ் வந்துவிட்டது. "பங்குனிக் கடல்தான, அப்பிடித்தான் கெடக்கும். போடு" என்றேன். போட்டாய்.

உன் குரலைக் கேட்டுச் சந்தியாகு அண்ணன் வள்ளத்தில் போனார். நம் செய்தி வராத நாளென்றால் அவர்கள் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, அது எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குதிப்பார்கள். அன்று செய்தி வந்திருந்தது. கல் இறக்கவில்லை. அடியில் நீவாடு அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஓஸைப் பாறையில் சுற்றிவிட்டது. மேலே இருந்தவர்கள் இழுத்தபோது ஓஸ் மட்டும் வந்தது. மறுநாள் மத்தியானம் முயல் தீவுப் பக்கம் கிடைத்தார்.

அவருடைய பெண்சாதி பிரகாசி அக்கா, அடக்கத்தன்று உன்னைப் பார்த்துக் கத்தியது இப்போதும் என் காதில் இருக்கிறது. "ஒன் வாயாலதான சொன்ன! ஒன் வாயாலதான ஒண்ணுமில்லன்னு சொன்ன!" நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். என்னை யாரும் பார்க்கவில்லை. என் குரல் எந்தப் போனிலும் இல்லை.

கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். லாக் எங்கே என்று கேட்டார்கள். நீ எழுந்து நின்றாய். "லாக்க எடுத்தது நான். எந்தப் பெட்டி எங்கன தப்புப் பண்ணிச்சுன்னு சொல்ல சாட்சி இல்ல. சாட்சிய எடுத்தவ நான். பேசிப் போட்டதும் நான்." எடு என்று நான் சொன்னதை நீ சொல்லவில்லை. காலையில் எனக்குப் போன் பண்ணிக் கேட்டதையும் சொல்லவில்லை. அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, தாளைக்கூட எடுக்காமல் போனாய். நீ கழித்துக் கழித்து மெலிய வைத்த சிஸ்டத்தில் ஏதோ ஒரு பெட்டி அளவுகளை விழுங்கிவிட்டது என்று நீ நம்பினாய். நானும் அப்போது அப்படித்தான் நம்பினேன். இது சத்தியம்.

மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கட்டுரை எழுதுவதற்காக மிதவையின் அளவுகளைத் தினமும் என் சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமைக் கோப்பைத் திறந்தேன். அடிநீரோட்டம் அளக்கும் கருவி முந்தின ராத்திரியிலேயே செத்திருந்தது. எண் வரவேண்டிய இடத்தில் "எண் இல்லை" என்ற குறி. அப்படி வந்தால் கணக்கை நிறுத்து, செய்தி அனுப்பாதே என்று நானே ஒரு வரி எழுதியிருந்தேன் ஏளா. என் கையால் எழுதிய காவல். ஆனால் ஃபாஸ்ட் மேத் போட்டால் அந்தக் குறி ஒருநாளும் வராது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். வராத ஒன்றுக்குக் காவல் எதற்கு என்று என் வரியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டது. அதைத் தாண்டியதும், சைபருக்குக் குறையாமல் பார்த்துக்கொள் என்ற இன்னொரு வரி, இல்லாத எண்ணைச் சைபர் ஆக்கிவிட்டது. அளக்கவில்லை என்பது ஆபத்தில்லை என்று ஆகிவிட்டது.

ஃபாஸ்ட் மேத்தை எடுத்துவிட்டு அதே கோப்பை ஓட்டினேன். நின்றது. "வாசிப்பு இல்லை" என்று சொல்லிவிட்டு நின்றது. திரும்பப் போட்டு ஓட்டினேன். சைபர். நாலு தடவை மாற்றி மாற்றி ஓட்டினேன். உன் பன்னிரண்டு பெட்டிகளும் ஒரு தப்பும் செய்யவில்லை.

அன்று சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்திருக்கவேண்டும். ஆட்டோவில்கூட ஏறினேன். பாதி வழியில் இறங்கிவிட்டேன். என் வேலையை அந்த மாதம்தான் நிரந்தரம் செய்வதாக இருந்தார்கள். அது ஒரு காரணம். அப்பா கேட்டால் என்ன சொல்ல என்பது இன்னொன்று. இதெல்லாம் முதல் மாதத்துக் காரணங்கள். அதற்கப்புறம் காரணமே தேவைப்படவில்லை, நாள் தள்ளுவதே பழகிவிட்டது. ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்று பாடம் எடுத்துக்கொண்டே இதைச் செய்தேன். தூ.

நீ துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பில் தட்டப் போனாய். லினக்ஸின் கெர்னலையே பிரித்து மேய்ந்தவள், கன்டெய்னர் எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் பிரகாசி அக்கா வீட்டுக்குப் போய் வாசற்படியில் உட்கார்வாய். அவள் உன்னை உள்ளே கூப்பிட்டதில்லை. உங்கள் தெருவில் எதிரி வந்தாலும் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பார்கள். உனக்கு அதுவும் இல்லை. மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவாய். "இன்னைக்கும் தண்ணி தரல. ஆனா போன்னு சொல்லல பாத்தியா" என்று போனில் என்னிடம் சொல்வாய், ஏதோ நல்ல சேதி மாதிரி. நான் "உம்" கொட்டுவேன். இப்படி மூன்று வருடம்.

பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தேன். முதல் தடவை உன் அம்மா இருந்தார்கள். இரண்டாம் தடவை மருந்து மயக்கத்தில் இருந்தாய். மூன்றாம் தடவை யாருமே இல்லை, நீ நன்றாக முழித்திருந்தாய். எனக்கு வேலையே வைக்காமல் நீயே கேட்டாய்.

"ஏளா, அன்னைக்கு எந்தப் பெட்டின்னு ஒனக்கு ஏதாச்சும் பிடிபட்டுச்சா?"

தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி கேட்டாய். நான் உன் தலையணை உறையைச் சரிசெய்துகொண்டே "இல்ல" என்றேன்.

"சரி விடு. மேல போயிக் கேட்டுக்கிடுதேன்" என்று சிரித்தாய்.

அடுத்த வியாழக்கிழமை போய்விட்டாய்.

போன புதன்கிழமை அந்தப் பெட்டிகளை லாரியில் ஏற்றிவிட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த நாலு தடவை ஓட்டத்தைக் காட்டிக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பிரின்சிபால் படித்துவிட்டு, "இதெல்லாம் இப்ப எதுக்கும்மா கிளறுதீங்க?" என்றார். கோப்பில் வைத்துக்கொள்கிறேன் என்றார். நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகாமல் பிரகாசி அக்கா வீட்டுக்குப் போனேன்.

என்னை உன் சிநேகிதியாக மட்டும்தான் அவளுக்குத் தெரியும். "வாங்க டீச்சர்" என்று உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடித்தேன், ஏளா. குடித்துவிட்டுத்தான் சொன்னேன். கம்பைலர், குறி என்று அவளைக் குழப்பவில்லை. கருவி செத்துப்போனால் செய்தி அனுப்பாதே என்று மெஷினுக்கு ஒரு காவல் வைத்திருந்தோம், அரை மணி நேரம் மிச்சம் பிடிக்கப்போய் அந்தக் காவல் எடுபட என் கையே காரணமாகிவிட்டது, அது தெரிந்தும் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்துப் போயிருந்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ அந்தப் பிள்ள ஒண்ணும் பண்ணலயா?"

"ஒண்ணும் பண்ணல அக்கா."

"என்னமோ லாக்கு, எடுத்துட்டேன், எடுத்துட்டேன்னு அழுதுச்சே?"

"அது நடந்ததத்தான் எழுதும். நடக்கவிடாமத் தடுக்காது. அது இருந்திருந்தாலும் அண்ணன் போயிருப்பாரு."

பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறாய். ஒருதடவை அல்ல, மூன்று தடவை. ஒரே ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று. என்னிடம் நீ மூச்சுவிடவில்லை.

"நான் போகல" என்றாள். "கடைசியா வந்த ஆள்ட்ட, கெடந்து சாவட்டும்னு சொல்லி அனுப்புனேன்."

அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க இத்தன வருசம் தூக்கிட்டுத் திரிஞ்சத எங்கிட்ட வந்து எறக்கி வச்சிட்டிய. நான் எங்கன போயி எறக்குவேன் டீச்சர்?"

அவள் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

நேற்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். அந்த மூன்றாவது ஆள் திரும்பி வந்து உன் கட்டில் பக்கம் நின்றபோது, பிரகாசி அக்கா சொன்னதை அப்படியே சொன்னாரா, அல்லது அக்கா ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை என்று ஏதாவது பொய் சொன்னாரா? யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. ஒரு மனுசன் பொய் சொல்லியிருக்கவேண்டும் என்று என் வாழ்நாளில் முதல்தடவையாக முழங்காலில் நின்று ஜெபிக்கிறேன், ஏளா.